கால் பார்த்து வாசித்தவர்

கலியாண வீட்டுக்கு வாசிக்கப் போனால் நாங்கள் முதலில் பார்ப்பது பந்தலை, பிறகு சமையல் நடக்கிற குசினிப் பக்கத்தை. அவர் பார்ப்பது கால்களை. பந்தலின் ஓரத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரின் கால்களையே கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். வெறுங்கால், செருப்புக்கால், வெடித்த குதிக்கால், புதுச் சப்பாத்து கடிக்கிற மாப்பிள்ளைக்கால், ஒன்றையும் விடமாட்டார். தெரியாதவர்கள் கண்டால் செருப்புக் கள்ளன் என்றுதான் நினைப்பார்கள். அளம்பிலில் ஒரு பெண்வீட்டுக்காரர் அப்படியே நினைத்து, தன்னுடைய சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு அன்று முழுக்கத் திரிந்தார்.

"உந்தக் காலுகளில என்ன அண்ணை எழுதியிருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆருக்கு ஆட வராது எண்டு பாக்கிறன் தம்பி," என்றார். "ஆட்டம் வாறவனுக்கு நாங்கள் தேவையில்லை. கூரைத் தகரத்தில மழை பெய்தாலும் அவன் ஆடுவான். ஆட்டம் வராதவன்தான் எங்களை நம்பி வந்திருக்கிறான்."

முல்லைத்தீவில் எல்லாருக்கும் அவர் பலகை அண்ணை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும். கோயில் புத்தகத்தைப் புரட்டினால் கிடைத்திருக்கும், நான் புரட்டவில்லை. அவருடைய வாத்தியம் ஒரு பலகை. நெளிநெளியாக மடித்த தகடு, சுற்றிவர மரச்சட்டம், கீழே இரண்டு குட்டைக் கால்கள். வெள்ளைக்காரர் நாடுகளில் உடுப்புத் தோய்ப்பதற்கு வைத்திருக்கிற சாமான். எங்கள் ஊர்களில் தோய்ப்பதற்குக் கல் இருக்கிறது, ஆகையால் இப்படி ஒன்றை அநேகமாக யாரும் கண்டதில்லை. யன்னல் கதவு என்று சிலரும் இடியப்பம் அவிக்கிற ஏதோ ஒன்று என்று சிலரும் முடிவுகட்டியிருந்தார்கள். அதை வலைக்கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டி நெஞ்சோடு சேர்த்துக்கொள்வார். தையற்காரர் ஊசி குத்தாமல் விரல் நுனியில் போடுகிற பித்தளைக் குப்பியை விரலுக்கொன்றாக மாட்டிக்கொண்டு கீறத் தொடங்குவார். நிதானமாக வாசித்தால் சுளகில் அரிசி கொழிப்பது போல இருக்கும். வேகம் பிடித்தால், பந்தலில் இருக்கிற பெரிய மனிதரின் தொடைகூடத் தானாக ஆடும்.

நான் யாழ்ப்பாணத்தான். தபாற்கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்ததும் முல்லைத்தீவுக்குப் போ என்றார்கள். ஐம்பதுகளின் கடைசி. ஒரு தகரப்பெட்டி, ஒரு மாண்டலின், ஒரு தலைக்கனம் ஆகிய மூன்றையும் கொண்டு பஸ்ஸால் இறங்கினேன். மூன்றிலும் எது பாரமானது என்று சொல்லத் தேவையில்லை.

வந்த இரண்டாம் கிழமை கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். மையில் ஒரு குத்து, கடிதத்தில் ஒரு குத்து. சற்று நேரத்தில் என் குத்துக்கு யாரோ பதில் சொல்வது கேட்டது. நான் டக், டக் என்றால் அந்தப் பக்கம் டக்கட டக்கட என்றது. நிமிர்ந்து பார்த்தேன். சாரமும் பெனியனுமாக ஒரு ஒல்லி மனிதர், மேசைப் பலகையில் விரலால் தட்டியபடி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன வேணும்?" என்றேன், உத்தியோகக் குரலில்.

"முத்திரை ஒண்டு. அவசரமில்லை, நீங்கள் குத்துங்கோ." கொஞ்சம் பொறுத்து, "தம்பி ஏதோ வாத்தியம் வாசிக்கிறனீங்கள் போல?" என்றார்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. குத்திற விதத்தில தெரியுது. நல்லாத்தான் போறியள். ஆனால் ஆரோ பாக்கினம் எண்டு தெரிஞ்ச உடன ஓடத் துவங்கிறியள்."

முத்திரையை எறியாத குறையாகக் கொடுத்து அனுப்பினேன். அன்று பின்னேரம் அறைக்கு வந்து மாண்டலினை எடுத்தேன். தனியாக வாசித்தபோது ஒழுங்காகத்தான் போனது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்ததும் விரல்கள் ஓடத் தொடங்கின. ஆள் சொன்னது சரி என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அடுத்த கிழமையே அவரோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு கதை.

எங்கள் குழுவில் நாலு பேர். பாடுகிறவர் மரியதாஸ், மீன் லொறி ஓட்டுபவர். கடல் இரைகிற கரையில் நின்று பாடினாலும் கேட்கிற குரல். பேக்கரிச் சூசைக்கு அக்கோடியன், எனக்கு மாண்டலின், அவருக்குப் பலகை. கரையோரத்துக் கத்தோலிக்கக் கலியாணங்களில் எங்களுக்கு நல்ல பெயர். ஆட்டத்துக்குப் பைலா கேட்டால் பைலா, தாலாட்டுக் கேட்டால் தாலாட்டு. எதைத் தொடங்கினாலும் அவர் ஒருபோதும் முதலில் தொடங்கமாட்டார். மூன்று பேரும் போன பிறகு, வாசற்கதவைச் சாத்திவிட்டு வருகிற வீட்டுக்காரர் மாதிரி, கடைசியாக வந்து சேருவார்.

பலகை அவர் கைக்கு வந்தது இரண்டாம் உலக யுத்தக் காலத்தில். திருக்கோணமலைத் துறைமுகத்து முகாம் ஒன்றில் குசினி வேலை செய்தாராம். கப்பலில் வந்த ஒரு கறுப்பு அமெரிக்கனும் அங்கே சமையல் ஆள். அவனுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. இவருக்குத் தெரிந்த இங்கிலீசு யெஸ், நோ, பொட்டேட்டோ. ஐந்து மாதம் இருவரும் எதிரெதிரே இருந்து உருளைக்கிழங்கு உரித்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவன் சலவைப் பலகையை மடியில் வைத்து வாசித்துப் பாடுவான், இவர் கிழங்குச் சட்டியில் தட்டுவார். கப்பல் போகிற அன்று பலகையை இவர் கையில் கொடுத்துவிட்டு, இவருடைய தலையை ஒருதரம் தடவிவிட்டு ஏறிப் போனானாம். அவனுடைய பெயரைச் சொல்ல இவருக்கு நாக்குப் புரளாது. "என்ர சினேகிதன்" என்றுதான் சொல்வார்.

"அவன் பாடினது புளூஸ் எண்ட பாட்டு தம்பி."

"அப்பிடியெண்டால்?"

"எங்கட அம்பா மாதிரித்தான். இழுக்கிறவன் பாடுற பாட்டு."

கரைவலை இழுக்கிறவர்கள் ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடி இழுப்பதைத்தான் அம்பா என்பார்கள். அவரும் பகலில் அந்தத் தொழில்தான். வலையின் பாரத்தைக் கை மறக்கிறதற்காக வாய் பாடுகிறது. அந்த அமெரிக்கனின் பாட்டிலும் அதே பாரம் இருந்ததாம், பாஷை தெரியாமலே தனக்கு விளங்கியதாம். நான் புத்தகம் படித்தவன். ஒரு சங்கீதத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதை அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. மண்டைக்கனம் அவ்வளவு சுலபமாக இறங்காது.

சிலாவத்தையில் ஒரு கலியாணம். பெண்ணின் தாய்மாமன் ஒருவர், முன்பு வள்ளம் சரிந்து விழுந்து கால் முறிந்தவர். முறிந்த கால் குட்டையாகப் பொருந்தியிருந்தது. பந்தலில் எல்லாரும் ஆட, அவர் கதிரையில் இருந்து கைதட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று என் காதில் தாளம் பிசகுவது கேட்டது. பலகை ஒரு அடியை நீட்டி அடுத்ததைக் குறுக்கிக் குறுக்கி வந்தது.

"அண்ணை, தாளம் நொண்டுது!" என்று கத்தினேன்.

"நொண்டட்டும். நீங்களும் நொண்டுங்கோ."

சூசை உடனே பிடித்துக்கொண்டார், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த மாமன் கதிரையால் எழும்பினார். நீட்டல் நல்ல காலுக்கு, குறுக்கல் குட்டைக் காலுக்கு, அளந்து தைத்தது போல இருந்தது. அவர் ஆடினார். நல்ல கால் வைத்திருந்த இளந்தாரிகள் எல்லாரும் அந்தத் தாளத்துக்குத் தட்டுத்தடுமாறினார்கள், தடுமாறாமல் ஆடியவர் அவர் ஒருவர்தான். பெண் ஓடிவந்து மாமனைக் கட்டிப்பிடித்து அழுதது. மரியதாஸ் பாடுவதை விட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார். பலகை அண்ணை மட்டும் ஒன்றும் நடவாதது போல அடுத்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கலியாணமும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். என் தாயின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் கிளிநொச்சிப் பக்கம் குளத்துக்குக் கீழே வயல் கிடைத்துக் குடியேறியிருந்தார். அவருடைய மகளின் கலியாணத்துக்கு என் குழுவை நானே அழைத்துப் போனேன். சொந்தக்காரருக்கு முன்னால் மாண்டலின் வாசித்துக் காட்டுகிற ஆசை. மத்தியானச் சாப்பாடு முடிந்து மேடையில் ஏறினோம். மாமா வந்து பலகையைச் சுற்றிப் பார்த்தார்.

"உது உடுப்புத் தோய்க்கிற பலகையெல்லோ?"

"ஓமுங்கோ," என்றார் பலகை அண்ணை.

மாமா அவரோடு மேற்கொண்டு பேசவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, மேடையில அம்மன் படம் வைச்சிருக்கு," என்றார்.

யார் உடுப்புத் தோய்ப்பவர்கள், யார் மேடையில் ஏறக்கூடாதவர்கள் என்று அவர் மனதுக்குள் ஒரு பட்டியல் இருந்தது. அது அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. நான் அப்போது செய்தது, ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த மாண்டலினுக்குக் குனிந்து சுருதி சேர்த்தது. நிமிர்ந்தபோது அவர் மேடையால் இறங்கி, கீழே மணலில் எனக்கு நேராகச் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார்.

"கீழ இருந்தால் கால் வடிவாத் தெரியும் தம்பி. நீங்கள் துவங்குங்கோ."

அன்று நாங்கள் நன்றாகத்தான் வாசித்தோம். திரும்பி வருகிறபோது லொறியில் நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று பளையிலிருந்து வந்த தேங்காய் மூட்டைகளுக்கு மேல் இருந்தபடி வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. மாங்குளம் வரும்வரை அந்த வீட்டுப் பூசணிக்காய்க் கறியைப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

இப்படியே போயிருந்தால் நாங்கள் கரையோரத்துக் கலியாணக் குழுவாகவே இருந்திருப்போம். வானொலிக்குப் போகலாம் என்று கிளப்பியவன் நான். கொழும்பில் வெளியூர்க் குழுக்களைக் கூப்பிட்டு வாசிக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். எனக்கு வானொலி என்றால் என் அப்பா. மாண்டலினை விறகு என்று சொல்கிற அவர், நல்லூரில் தன் கதிரையில் சாய்ந்திருந்து என் வாசிப்பைக் கேட்கவேண்டும்.

பலகை அண்ணைக்கு அது வேறாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் பலகையைத் துடைப்பதை நிறுத்தினார்.

"கொழும்பு ரேடியோ கப்பலுக்குக் கேக்குமோ தம்பி?"

"கேக்கும் அண்ணை. கடலுக்கு அங்காலயும் கேக்குமாம்."

"அப்ப என்ர சினேகிதன் எங்கயாவது ஒரு துறையில நிண்டு ரேடியோவைத் திருப்பினால், பலகையைக் கேட்டு என்னைப் பிடிச்சிடுவான்."

பதினைந்து வருடமாக அந்த மனிதன் எங்கே, உயிரோடு இருக்கிறானா என்றே அவருக்குத் தெரியாது. கடிதம் போட விலாசமும் இல்லை. முத்திரை வாங்க வந்ததெல்லாம் மனைவியின் தமையனுக்குக் கடிதம் போட. இருந்தாலும் அன்றிலிருந்து அந்த ஒரே நினைவுதான். வானொலிக்கென்று அவரே ஒரு பாட்டை உண்டாக்கினார். கரைவலை அம்பாவை எடுத்து, அந்த அமெரிக்கன் பாடுகிற மாதிரி இழுத்து, நடுவில் பலகை தனியே பதில் சொல்கிற இடங்கள் வைத்தார். அவர் முன்னால் வருகிற ஒரே பாட்டு அது.

கொழும்புக்குப் போய்ப் பரீட்சைக்கு வாசித்துக் காட்டினோம். மூன்று கிழமையில் கடிதம் வந்தது. பேக்கரியில் எல்லாரும் கூடியிருக்க நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். பாட்டு நன்றாக இருக்கிறது. இந்தத் தேதி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நேரடியாக ஒலிபரப்பாகும். ஒரேயொரு விஷயம்: பலகையின் சத்தம் ஒலிவாங்கியில் கீறிக்கொண்டு விழுந்து மற்றதையெல்லாம் மூடுகிறது. ஆகையால் அதை விட்டுவிட்டு மூவராக வரவும்.

பேக்கரிக்குள் சூடு அதிகமாகிவிட்டது போல இருந்தது. மரியதாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப ஒருத்தரும் போகேல்லை."

"விசர்க் கதை கதையாதை," என்றார் பலகை அண்ணை. "போட்டு வாங்கோ. பாட்டுப் போகட்டும். பாட்டைக் கேட்டாலும் அவனுக்கு விளங்கும்." பிறகு என்னைப் பார்த்து, "தேதியை இன்னொருக்காப் பாருங்கோ தம்பி. தபசு காலமெல்லோ வருது? நான் எப்பிடியும் தொடமாட்டன்தானே," என்றார்.

உண்மைதான். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நோன்பு நாளும் அவர் பலகையைத் தொடுவதில்லை. அந்த நாட்களில் அது அவர் மனைவிக்குச் சொந்தம். கிணற்றடியில் வைத்துச் சவுக்காரம் போட்டு உடுப்புத் தோய்ப்பார். வருடத்தில் நாற்பது நாள் மட்டும் அது பிறந்த வேலையைச் செய்யும். சூசையும் மரியதாஸும் பங்குச் சுவாமியிடம் போய், இது கடல் பாட்டு, ஆட்டப்பாட்டு இல்லை என்று சொல்லி உத்தரவு வாங்கினார்கள். பலகை அண்ணை உத்தரவு கேட்கப் போகவில்லை. கேட்டு என்ன செய்கிறது?

இங்கே என் குற்றத்தைச் சொல்லவேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறவன் நான். "அவரை ஒலிவாங்கிக்குத் தூரத்தில், அறையின் மூலையில் இருத்தினால் சரிவருமா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். பேனா கையில் இருக்கும்போதே அந்த வரி என் மனதில் வந்தது. கேட்கப்போய் அவர்கள் தேதியைத் தள்ளிவைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். மூவராக வருகிறோம் என்று எழுதி, என் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பினேன்.

புறப்படும் முன் அவர் எனக்கு ஒரு புத்தி சொன்னார். "ஆரும் பாக்கினம் எண்டு நினைப்பு வந்தால், சூசையின்ர காலைப் பாருங்கோ. அவன் கால் ஓடாது."

ஒலிபரப்பு அறையில் சூசையை எனக்கு முதுகுகாட்டி உட்காரவைத்து, நடுவில் ஒரு தடுப்பையும் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் அடி நன்றாகப் போனது. இரண்டாம் அடியில், அப்பா இப்போது கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. அவ்வளவுதான், விரல்கள் ஓடத் தொடங்கின. எனக்கே தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. சூசை பிடிக்கப் பார்த்தார், மரியதாஸ் மூச்சு வாங்க வாங்க என் பின்னால் ஓடிவந்தார். பலகை பதில் சொல்கிற இடங்கள் ஒவ்வொன்றும் பாழடைந்த கிணறு மாதிரித் திறந்து கிடந்தன, நான் அவற்றுக்குள் விழுந்து விழுந்து எழும்பினேன். பாட்டு நேரத்துக்கு முன்பே முடிந்தது. வெளியே வந்ததும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ரயிலில் மாங்குளத்துக்கும் அங்கிருந்து பஸ்ஸில் முல்லைத்தீவுக்கும் வந்தோம். ஊரார் வாயில் அகப்பட்டால் மானம் கப்பலேறும் என்று தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன். இறங்கியதும் மீன் வியாபாரி ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரண்டாவது அடியில ஓடினியளே ஒரு ஓட்டம்! மயிர் சிலிர்த்துப் போச்சு!"

நக்கல் அடிக்கிறார் என்று கையை உதறினேன். தபாற்கந்தோரில் என் மேலதிகாரியும் அதையே சொன்னார். மனிதர் பகிடி விடுகிற ஆள் இல்லை. "பலகையும் மாண்டலினும் ஒண்டை ஒண்டு துரத்திக் கலைச்சது நல்லா இருந்துது," என்றார்.

"பலகையோ? பலகை வரேல்லையே சேர்."

"எனக்குக் காது இருக்கு காணும்," என்றார் அவர்.

நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். பற்றறியில் பாடுகிற வானொலிப் பெட்டி அந்த வட்டாரத்தில் அங்கேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கே கூடி, பாதிச் சனம் தெருவில் நின்று கேட்டிருக்கிறது. பலகை அண்ணையின் வீடு அந்தக் கடைக்குப் பின்வேலி, கிணற்றடியில் நின்றால் பாட்டுக் கேட்கும். கடைக்காரர் எனக்குத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"முதல் அடிக்குக் கையைக் கட்டிக்கொண்டு வாங்கில இருந்தார். ரண்டாம் அடியில உங்கட மாண்டலின் விலகினதோ, ஆள் எழும்பிப் போட்டார். மேசையில தட்டிப் பாத்தார், சனத்தின்ர இரைச்சலில எடுபடேல்லை. திரும்பினால் மனிசி பலகையோட நிக்குது. சவுக்கார நுரையும் வடியேல்லை. 'இந்தாருங்கோ' எண்டா. 'தபசு காலமெல்லோ' எண்டார். அவா என்ன சொன்னவா தெரியுமோ? 'தபசு காலத்தில இது என்ர பலகை. நான் விரும்பின ஆளுக்குக் குடுப்பன். சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்கு நான் போறன். அந்தப் பிள்ளை தனிய ஓடுது, போய்ப் பிடியுங்கோ' எண்டா."

"பிறகு?"

"பிறகென்ன! ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில போய் நிண்டு வாசிச்சார். நீங்கள் ஓடினால் கூட ஓடினார், விட்ட இடமெல்லாம் நிரப்பினார். நீங்கள் தெரியாமல் ஓடினதை வேணுமெண்டு ஓடின மாதிரி ஆக்கிப் போட்டார். கடைசியில சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சுது. பெட்டியைப் பாத்துத்தான் தட்டினவை, அவரைப் பாத்தில்லை."

தேத்தண்ணியைக் குடிக்காமல் பின்வேலிக் கடப்பைத் தாண்டிப் போனேன். அவர் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது. குப்பிகள் பெட்டிக்குள் கிடக்க, வெறும் விரலால் ஈரத் தகட்டில் கீறியிருக்கிறார். தோல் உரிந்து போயிருந்தது.

"வாங்கோ தம்பி. நல்லா இருந்துது எண்டு ஊர் முழுக்கக் கதை."

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓடியதைச் சொன்னேன், அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைச் சொன்னேன். "தூரத்தில இருத்தலாமோ எண்டு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம் அண்ணை. எழுதத் தெரியாமல் இல்லை. வேணுமெண்டுதான் விட்டனான். உங்கட சினேகிதன் கேட்டிருந்தாலும் உங்களைக் கேட்டிருக்கமாட்டான். அது என்னால."

அவர் வலையில் ஒரு கண்ணைப் பொத்தி முடித்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருடைய முகத்தில் ஒரு வருத்தம் வந்து போனதை நான் கண்டேன். பிறகு ஊசியைக் கீழே வைத்தார்.

"ஏன் தம்பி," என்றார், "தூரத்தில இருந்துதானே வாசிச்சனான்."

பகிடியாகத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. துணி சுற்றிய அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.